தலைமை நீங்கிய பின்: 1964க்குப் பிந்திய இலங்கையில் இரு சிறு இடதுசாரிக் கட்சிகளின் மீள்கட்டுமானம்

1964ஆம் ஆண்டு ஜூன் 6ஆம், 7ஆம் நாள்களில் கூடிய லங்கா சமசமாஜக் கட்சியின் சிறப்பு மாநாட்டில் மூன்று தீர்மானங்கள் வாக்குக்கு விடப்பட்டன. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அரசாங்கத்தில் சேர்வது என்ற என். எம். பெரேராவின் தீர்மானம் 501 வாக்குகளைப் பெற்றது. ஐக்கிய இடதுசாரி முன்னணி முழுவதுமாகச் சேர்வதாயின் மட்டுமே கூட்டரசாங்கம் ஏற்கத்தக்கது என்ற லெஸ்லி குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரின் இடைநிலைத் தீர்மானத்துக்கு 75 வாக்குகள் கிடைத்தன. கூட்டரசாங்கமே கூடாது என்ற தீர்மானத்துக்கு 159 பேர் வாக்களித்தனர். தோற்ற இடைநிலையினர் பெரும்பான்மையுடன் நின்றுகொண்டனர். இடதுபக்கத்தார் மண்டபத்தை விட்டு வெளியேறி, லங்கா சமசமாஜக் கட்சி (புரட்சிகர) என்னும் பெயரில் தம்மை ஒழுங்கமைத்தனர். நாட்டின் மிகப் பழைய இடதுசாரிக் கட்சியின் முதல்வரிசைத் தலைவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஒருபுறம்; பேராளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் மறுபுறம்.

அதே ஆண்டின் ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியும் இரண்டாகியிருந்தது. சீன - சோவியத் கருத்து மோதலில் சீனத்தின் பக்கம் நின்ற என். சண்முகதாசனும் அவரோடு நின்றோரும் தமக்கெனத் தனி மாநாடு கூட்டினர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன் முதலான மூத்த தலைவர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் மொஸ்கோ சார்பில் நின்றனர். இரு பிரிவுகளும் ஒரே பெயரைக் கைவிட மறுத்தமையால், பொதுமக்கள் அவற்றை ஊர்ப்பெயரால் வேறுபடுத்திக்கொண்டனர்: மொஸ்கோ, பீகிங். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைத் திண்ணைகளில் நிகழ்ந்த அரசியல் உரையாடல்களில் தொலைதூரத் தலைநகரங்கள் இரண்டும் அயற்கிராமங்கள்போல் வழங்கியது அக்காலத்துக்கே உரிய வேடிக்கை.

இவ்விரு பிளவுகளையும் கருத்தியல் வரலாறாக எழுதிய நூல்கள் பல உள. எஞ்சியோர் கட்சியை எவ்வாறு மீளக் கட்டினர் என்ற வினா அவற்றில் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறது. தமிழியலாய்வுக்கு அவ்வினா முக்கியமானது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்களத் தலைவர்கள் இருந்த கட்சி ஒன்று, 1964இல் அவர்களை அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டு எஞ்சியது. அந்த எச்சம் வளர்ந்திருந்தால், தமிழ் பேசும் மக்களின் உரிமைக் கோரிக்கைக்குத் தெற்கில் ஒரு தொழிலாளர் துணை நிலைத்திருக்கும். அது ஏன் வளரவில்லை என்பதும், அதனிலும் குறைந்த பாராளுமன்ற வலிமையுடன் தொடங்கிய மற்றக் கட்சி வடக்கில் எவ்வாறு வேரூன்றியது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முன்னைய ஓர் அனுபவம்

தலைவர்கள் இன்றிக் கட்சியை நடத்துவது சமசமாஜிகளுக்குப் புதிதன்று. 1935 டிசெம்பரில் தோன்றிய அக்கட்சி, நான்கரை ஆண்டுகளுக்குள் தன் தலைமையைச் சிறைக்குப் பறிகொடுத்தது. 1940 ஜூனில் பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மன்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் கைதாயினர். லெஸ்லி குணவர்த்தன தலைமறைவானார். அவ்வாண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானதும், ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவியதும் தோட்டத்துரைமாரையும் குடியேற்ற அரசையும் கலங்கச் செய்திருந்தன. மலையகத் தமிழ்த் தொழிலாளரிடையே சமசமாஜிகள் முதன்முறை காலூன்றிய தருணத்தில் தலைமை அகற்றப்பட்டது.

1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானத் தாக்குதலின் அமளிக்கிடையே, நால்வரும் தம்மைக் காவல்செய்த சிறைக்காவலர் ஒருவருடனேயே கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். பின்னர் பாக்கு நீரிணையைக் கடந்து இந்தியாவில் தலைமறைவாக வாழ்ந்தனர். அங்கு உருவான இந்திய போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சியின் இலங்கைக் கிளையாகத் தாய்க்கட்சி கருதப்பட்டது. நாட்டில் எஞ்சியோர் தடைசெய்யப்பட்ட கட்சியை இரகசியக் குழுக்களாக நடத்தினர். டொரிக் டி சூசா போன்ற இளையோர் அமைப்பை இறுக்கினர், உறுப்புரிமையைக் கடுமையாக்கினர், கோட்பாட்டுக் கல்வியை முதன்மைப்படுத்தினர். அதனால் கட்சி அழியாமல் தப்பியது. ஆனால் தலைவர்கள் மீண்டபோது வேறொரு கட்சி அவர்களை எதிர்கொண்டது. வெகுசனத் தொடர்பே பெரிதென்று நினைத்த பிலிப்பும் பெரேராவும் ஒருபக்கம், இறுகிய அமைப்பைக் காக்க விரும்பியோர் மறுபக்கம் எனப் பிளவு மூண்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சமசமாஜக் கட்சி 10 ஆசனங்களையும் போல்ஷெவிக் லெனினிஸ்ட் பிரிவு 5 ஆசனங்களையும் தனித்தனியே பெற்றன. 1950இல்தான் அவை இணைந்தன. அவ்விணைப்பை ஏற்காத பிலிப் குணவர்த்தன வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

இந்தியாவுக்குச் சென்ற அனைவரும் மீளவுமில்லை. யாழ்ப்பாணத்தவரான எஸ். சி. சி. அந்தோனிப்பிள்ளை சென்னையில் தங்கி, சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, பக்கிங்காம் - கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளரின் 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை வழிநடத்தினார். பின்னர் இந்திய மக்களவை உறுப்பினருமானார். சென்னைக்கு வரவாக அமைந்த இப்பெயர்வு, இலங்கைக் கட்சியின் தமிழ்ப் பிரிவுக்குப் பேரிழப்பு. தமிழ்த் தொழிலாளரிடையே அவருக்கு நிகரான சமசமாஜத் தலைவர் எவரும் அதன்பின் எழவில்லை எனக் கூறின் மிகையாகாது.

இரண்டு உறுப்பினர்களும் ஒரு சங்கமும்

1964இல் எஞ்சியோரிடம் எவை இருந்தன என்று கணக்கிடுவது பயனுள்ளது. பாராளுமன்றத்தில் எட்மன்ட் சமரக்கொடி, மெரில் பெர்னாண்டோ என்னும் இருவர். தமிழரிடையே வி. காராளசிங்கம். எல்லாவற்றுக்கும் மேலாக பாலா தம்பு.

பாலா தம்பு 1922இல் நாகப்பட்டினத்தில் பிறந்த தமிழர். விவசாயக் கல்லூரி விரிவுரையாளராயிருந்து 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டமைக்காகப் பதவி இழந்தவர். மறு ஆண்டே வணிக ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளராகி, கொழும்பு வணிக நிறுவனங்களின் எழுதுவினைஞரைக் கொண்டிருந்த அமைப்பைத் துறைமுகம், தொழிற்சாலை என விரித்தார். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கிளையில் அமர்ந்த அச்சங்கம் பிளவின்போது அவருடனேயே நின்றது. புரட்சிகரப் பிரிவின் செயலாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது. நான்காம் அகிலம் கூட்டரசாங்கத்தில் சேர்ந்த தாய்க்கட்சியை விலக்கி, இப்பிரிவையே தன் இலங்கைக் கிளையாக ஏற்றது. ஆக, பெயரில் பாதியும், அகிலத்தின் அங்கீகாரமும், ஒரு வலிய தொழிற்சங்கமும் கையிருப்பாக இருந்தன. இல்லாதவை கிராமியக் கிளைகளும் தோட்டச் சங்கமும். தாய்க்கட்சி அவற்றைத் தன்னோடு கொண்டுபோயிற்று.

முதற்சோதனை ஆறே மாதங்களில் வந்தது. 1964 டிசெம்பர் 3ஆம் நாள், சிம்மாசனப் பிரசங்கத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஒன்றின்மீதான வாக்கெடுப்பில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் 74க்கு 73 என்ற கணக்கில் தோற்றது. சி. பி. டி சில்வாவின் தலைமையில் ஆளுங்கட்சியினர் சிலர் எதிரணிக்குப் போனமையே தோல்விக்கு முதற்காரணம். ஆயினும் ஒரு வாக்கில் கவிழ்ந்த அரசாங்கத்துக்கு எதிராகச் சமரக்கொடியும் பெர்னாண்டோவும் அளித்த இரு வாக்குகளே நாடெங்கும் பேசுபொருளாயின. கூட்டரசாங்கத்தைத் தொழிலாளர் நலனுக்கு எதிரானதென்று கருதியோர் அதற்கு எதிராக வாக்களித்தது கொள்கைப்படி முரணற்றது. எனினும் ஐக்கிய தேசியக் கட்சியுடன் ஒரே பக்கத்தில் வாக்களித்தவர்கள் என்ற பழியைத் தாய்க்கட்சி அவர்கள்மீது சுமத்தியது. தெற்கின் சாதாரணத் தொழிலாளி அதை நம்பினான். 1965 மார்ச் தேர்தலில் புரட்சிகரப் பிரிவு ஓர் ஆசனமும் பெறவில்லை. சிறு கட்சி ஒன்று எண்ணிக்கையால் பெரிய நிகழ்வைத் தீர்மானிக்கும் நிலைக்கு எதிர்பாராமல் தள்ளப்படும்போது, தன் நிலைப்பாட்டை முன்கூட்டியே மக்களிடம் விளக்கியிருக்க வேண்டும். அதற்கான பத்திரிகை வலிமையும் கிளை வலிமையும் இவர்களிடம் இருக்கவில்லை.

அவ்வரசாங்கத்தின் குறுகிய வாழ்நாளில் நிகழ்ந்த மற்றொன்று தமிழருக்கு அதனினும் கனத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராக்கப்பட்ட ஏறத்தாழ 975,000 மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி பிற்போடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய சமசமாஜத் தலைவர்கள், இந்த ஒப்பந்தத்தைச் செய்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தனர். புரட்சிகரப் பிரிவு மலையகத்தில் தன்னை நிலைநாட்ட இதைவிடத் தக்க தருணம் வேறில்லை. ஆனால் தோட்டத்துக்குள் நுழையச் சங்கம் வேண்டும். வணிக ஊழியர் சங்கத்தின் எல்லை கொழும்பு நகரோடும் அதன் சுற்றுப்புறத்தோடும் பெரிதும் நின்றுவிட்டது. மலையகத்தின் கோபம் இவர்களிடம் வந்து சேரவில்லை.

தமிழ்ப் பிரிவின் கதை காராளசிங்கத்தைச் சுற்றியது. தமிழ் பேசும் மக்களின் விமோசனம் இடதுசாரித் தொழிலாளர் இயக்கத்துடன் இணைவதிலேயே உண்டு என்று வாதிட்டு 1963இல் அவர் எழுதிய சிறுநூல், தமிழரசுக் கட்சியின் வழிக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட கூர்மையான வாதங்களுள் ஒன்று. பிளவின்போது கூட்டரசியலைக் கண்டித்தும் ஒரு நூல் எழுதினார். ஆனால் பிளவுக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில், ‘சக்தி’க் குழுவினர் என அறியப்பட்ட தம் ஆதரவாளருடன் தாய்க்கட்சிக்கே திரும்பினார். வெகுசனம் எங்கோ அங்கேதான் புரட்சியாளருக்கும் இடம் என்பது அந்நிலைப்பாட்டின் சாரம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது; ஆனால் காலம் அதற்கு உதவவில்லை. டட்லி சேனநாயக்க அரசாங்கம் கொண்டுவந்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து 1966 ஜனவரி 8ஆம் நாள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன கொழும்பில் ஆர்ப்பாட்டம் நடத்தின. பொலிஸார் சுட்டதில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார். பத்து ஆண்டுகளுக்குமுன் இருமொழிக்காகக் கல்லெறி வாங்கியோர், தமிழுக்கு வழங்கப்பட்ட அற்பச் சலுகைக்கு எதிராக வீதிக்கு வந்தனர். அத்தகைய கட்சிக்குத் தமிழ்த் தொண்டரை மீள அழைத்துச் செல்வது எளிதான பணியன்று. திரும்பிய தலைவருடன் தொண்டர் பலர் திரும்பவில்லை. எங்கும் சேராமல் அரசியலினின்றே ஒதுங்கினர்.

1968இல் சமரக்கொடியும் அவர் தோழர்களும் பிரிந்து புரட்சிகர சமசமாஜக் கட்சியை அமைத்தனர். அதே ஆண்டில் கீர்த்தி பாலசூரிய முதலான இளைஞர் புரட்சிகரக் கம்யூனிஸ்ட் கழகத்தைத் தொடங்கினர். நான்கே ஆண்டுகளில் 159 வாக்குகளின் எச்சம் பல துண்டுகளாயிற்று. இதனைத் தனிமனித முரண்பாடுகளால் விளக்குவோர் உண்டு. அமைப்பு நோக்கில் வேறொரு காரணம் தெளிவாகிறது. கட்சியை விடச் சங்கம் பன்மடங்கு பெரிது. சங்கத்தின் செயலாளரே கட்சியின் செயலாளர். சங்கத்துக்குத் தொழில் வழங்குநருடன் நாளாந்தப் பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும் உண்டு; அரசியல் வேறுபாடுடைய உறுப்பினரையும் அது அரவணைக்க வேண்டும். கட்சிக்கு அத்தகைய நெகிழ்ச்சி கிடையாது. சங்கத்தில் வேர் இல்லாத கட்சித் தோழருக்குச் செயலாளரின் முடிவுகளைத் திருத்த வழி இல்லை. விவாதம் அல்லது வெளியேற்றம் என்ற இரண்டே வழிகள் அவருக்குத் திறந்திருந்தன. கொடியைத் தாங்கவென நட்ட கம்பம் அளவுக்கு மிஞ்சிப் பருத்ததால், கொடி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

கோயில் வாசலில் கட்டப்பட்ட கட்சி

பீகிங் சார்பினரின் தொடக்கமும் சங்கத்திலேயே இருந்தது. சண்முகதாசன் இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பொதுச் செயலாளர். பிளவின்போது சம்மேளனத்தின் பெரும்பகுதி அவருடன் வந்தது. மலையகத்தில் செங்கொடிச் சங்கம் உருவாயிற்று. தமிழில் ‘தொழிலாளி’ பத்திரிகை வெளிவந்தது. பழைய ‘தேசாபிமானி’ மொஸ்கோ பிரிவினரிடம் தங்கியது. பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் இல்லை. பாராளுமன்றப் பாதையையே மறுத்த கட்சிக்கு இது குறையாகப் படவில்லை. பழி சுமக்க ஒரு வாக்கும் அவர்களிடம் இல்லாதது ஒருவகையில் நன்மையாகவும் முடிந்தது.

வடக்கில் அவர்கள் கையிலெடுத்தது சாதிப் பிரச்சினை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கியிருந்தது. சட்டம் ஏட்டில் இருக்க, யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறு பாத்திரம், வேறு இருக்கை என்ற வழக்கம் நீடித்தது. பெருங்கோயில்களின் வாசல்கள் அவர்களுக்கு மூடியிருந்தன. நீண்டகாலமாக இத்துறையில் உழைத்த சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முன்னணியினரான எம். சி. சுப்பிரமணியம் முதலானோர் மொஸ்கோ பிரிவில் நின்றனர். மனு, தூதுக்குழு, பாராளுமன்றச் செல்வாக்கு என்பன அவர்களுடைய வழிகள். 1970இல் சுப்பிரமணியம் பாராளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டதும் அவ்வழியின் பயனே. பழைய அமைப்பு மற்றவர் கையில் இருந்ததால், பீகிங் பிரிவினர் புதியதொன்றைக் கட்ட நேர்ந்தது.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. அனுமதி மறுத்த பொலிஸார் தடியடி நடத்தினர், கே. ஏ. சுப்பிரமணியம் உள்ளிட்ட தோழர்கள் தாக்கப்பட்டனர். தாக்குதலுக்குப் பின்னும் ஊர்வலம் நகரை அடைந்தது. ‘ஒக்டோபர் எழுச்சி’ என்று வழங்கும் இந்நிகழ்வே கட்சியின் உண்மையான மறுபிறப்பு. 1964 ஜனவரி மாநாட்டின் ஆவணங்களைப் படித்து அதிற் சேர்ந்தோரைவிட, இவ்வூர்வலத்தின் பின் சேர்ந்தோரே அதற்கு உடலாயினர். தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாகி, எஸ். ரி. என். நாகரட்ணத்தின் தலைமையில் இயங்கியது. சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் பிரவேசப் போராட்டமும் நடைபெற்றன. மாவிட்டபுரத்தில் வாசலை மறித்து நின்றோரில் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் ஒருவர். தமிழின உரிமை பேசியோரும் தீண்டாமையைக் காத்தோரும் ஒரே மேடைக்குரியோராக இருந்த வெட்கத்தை அக்காட்சி வெளிப்படுத்தியது.

இப்போராட்டத்தின் இரண்டு இயல்புகள் மீள்கட்டுமானம் பற்றிய ஆய்வில் கருதத்தக்கவை. முதலாவது, வெகுசன இயக்கத்தில் சேரக் கட்சி உறுப்புரிமை தேவைப்படவில்லை. உயர்சாதியினரென எண்ணப்பட்டோரில் இணங்கியோரையும், கட்சிக் கோட்பாட்டை அறியாத கூலித் தொழிலாளரையும் அது ஒருங்கே ஏற்றது. கட்சி அவ்வியக்கத்தின் உள்ளே ஒரு கருவாக மட்டுமே இருந்தது. இரண்டாவது, இயக்கம் தனக்கென ஓர் இலக்கியத்தை ஈன்றது. சுபத்திரனின் கவிதைகளும், 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் அப்போராட்ட அனுபவத்திலிருந்தே எழுந்தன. துண்டுப்பிரசுரம் எட்டாத வாசகரை அவை எட்டின. சமசமாஜப் புரட்சிகரப் பிரிவின் தமிழ்த் தோழருக்கு இத்தகைய படைப்பாளர் பரம்பரை ஒன்று அமையவில்லை.

இதன் மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். வடக்கில் வேரூன்றிய கட்சி தெற்கில் இளைஞரை இழந்துகொண்டிருந்தது. கட்சியிற் பணியாற்றிய ரோகண விஜேவீர விலக்கப்பட்டு, பின்னர் மக்கள் விடுதலை முன்னணி எனப் பெயர்பெற்ற இயக்கத்தைக் கட்டினார். அவ்வியக்கத்தின் வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ ஒரு பாடமாகி, மலையகத் தமிழரை ஐயத்துடன் நோக்கும் மனநிலையை வளர்த்தது. சிங்கள கிராமத்து இளைஞரின் ஏமாற்றத்தைப் பற்றிக்கொள்ளத் தொழிற்சங்கத்தில் ஊறிய கட்சித் தலைமைக்குத் தெரியவில்லை என்பதே நியாயமான மதிப்பீடு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பங்கில்லாத சண்முகதாசனும் சிறை வைக்கப்பட்டார். சிறையிலிருந்த காலத்தில் இலங்கை வரலாற்றை மாக்சிய நோக்கில் நூலாக எழுதினார். வெளியே கட்சி மேலும் பிளந்தது. கிளர்ச்சி வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞருக்காக வழக்கறிஞராய் முன்னின்றோரில் பாலா தம்புவும் ஒருவர். 1964இல் வெவ்வேறு வாசல்களால் வெளியேறிய இருவரின் பாதைகளும் அந்த ஆண்டுகளில் அரசின் அடக்குமுறைக்கு முன் அருகருகே வந்தன.

இரண்டாம் முறை

மாவோ 1976இல் மறைந்தபின் சீனத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் மீண்டும் ஒரு பிளவை ஈர்த்தன. புதிய சீனத் தலைமையைச் சண்முகதாசன் வன்மையாகக் கண்டித்தார். கே. ஏ. சுப்பிரமணியம் முதலானோர் 1978 ஜூலை 3ஆம் நாள் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி (இடது) என்னும் பெயரில் தனியமைப்பு கண்டனர். 1943இல் மூலக்கட்சி தோன்றிய அதே நாளை அவர்கள் தெரிந்தெடுத்தனர். பெயரில் அடைப்புக்குறிகள் பெருகிக்கொண்டே போயினும், பிறந்தநாளை மட்டும் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இம்முறை நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. சமசமாஜத் தலைவர்கள் போன பாதையின் முடிவு அனைவருக்கும் தெரிந்துவிட்டது. 1970இல் 19 ஆசனங்களுடன் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் அமர்ந்து, கொல்வினின் பொறுப்பில் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் பௌத்தத்தை முதன்மைக்குரியதாகவும் வகுத்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கித்தந்த பின், 1975 செப்டெம்பரில் அவர்கள் அமைச்சரவையினின்று நீக்கப்பட்டனர்; 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சியோ மொஸ்கோ சார்பினரோ ஓர் ஆசனமும் வெல்லவில்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. வடக்கின் இளைஞருக்குப் புரட்சி என்ற சொல் இப்போது வேறு பொருள் தரத் தொடங்கியது. சாதி எதிர்ப்புப் போராட்டத்தில் கட்சி ஈட்டிய நன்மதிப்பு இளையோரைத் தேசிய விடுதலை இயக்கங்களினின்று தடுத்து நிறுத்தப் போதவில்லை. தேசிய இனப்பிரச்சினையில் கட்சி நெடுங்காலம் காட்டிய தயக்கமும் அதற்குக் காரணம். சாதியை முதன்மைப்படுத்திய அதே ஆண்டுகளில் மொழி, காணி, குடியேற்றம் பற்றிய தமிழரின் அச்சத்தைத் தமிழரசுக் கட்சியின் சொத்தென விட்டுவிட்டமை அக்கட்சியின் பெருந்தவறு.

ஆயினும் சிறிய அந்த அமைப்பு மறையவில்லை. 1974இல் தொடங்கிய ‘தாயகம்’ சஞ்சிகையும் தேசிய கலை இலக்கியப் பேரவையும் கட்சியைச் சூழ்ந்து நின்றன. ஆயுத இயக்கங்களிடையே கருத்து வேறுபாட்டின் விலை உயிராக மாறிய ஆண்டுகளில், பகிரங்க அரசியல் நடத்துவது இயலாதாயிற்று. பண்பாட்டு அமைப்பு ஓரளவு மூச்சுவிட இடம் தந்தது. கவியரங்கும் நாடகமும் நூல் வெளியீடும் கட்சிக்கூட்டத்தின் இடத்தை நிரப்பின. 1989 நவம்பரில் சுப்பிரமணியம் காலமானார். பொதுச் செயலாளர் பொறுப்பை சி. கா. செந்திவேல் ஏற்றார். 1991இல் அமைப்பு புதிய ஜனநாயகக் கட்சி எனப் பெயர் மாறி, பின்னர் 2010இல் புதிய ஜனநாயக மாக்சிச லெனினிசக் கட்சி ஆயிற்று. மூலவர் மறைந்தபின் பிளவின்றித் தலைமை கைமாறியது, இக்கட்டுரை ஆராயும் அமைப்புகளில் அரிதாக நிகழ்ந்த ஒன்று. கட்சியைச் சூழ்ந்த இலக்கிய அமைப்பில் அடுத்த நிலையினர் ஏற்கெனவே எழுதியும் பேசியும் பயின்றிருந்தமை இதற்கு உதவியது எனக் கருத இடமுண்டு.

தெற்கில் இதற்கு இணையான முயற்சி சமசமாஜ மரபிலிருந்தே வந்தது. தாய்க்கட்சியினுள் இருந்து எதிர்த்து வெளியேற்றப்பட்ட வாசுதேவ நாணயக்கார, விக்கிரமபாகு கருணாரத்ன முதலானோர் 1977 டிசெம்பரில் நவ சமசமாஜக் கட்சியை நிறுவினர். 1964இல் வெளியேறியோர் செய்யத் தவறியதை இவர்கள் ஓரளவு செய்தனர்: தாய்க்கட்சியின் தொழிற்சங்கக் கிளைகளை உள்ளிருந்தே வென்றெடுத்த பின்னரே பிரிந்தனர், தமிழரின் சுயநிர்ணய உரிமையைச் சிங்கள மேடைகளில் பேசினர். 1983 ஜூலை வன்செயலின் பின் அரசாங்கம் தடைசெய்த மூன்று கட்சிகளில் இதுவும் ஒன்று. தமிழரைக் கொன்றோர் வெளியே திரிய, தமிழருக்காகப் பேசியோர் தலைமறைவாயினர்.

சண்முகதாசன் 1989இல் தம் அரசியல் நினைவுகளை நூலாக்கினார். 1993 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் காலமானார். அவருடைய கட்சியிலும் சமசமாஜப் பிரிவுகளிலும் வளர்ந்தோர் பலர் அதற்கு முன்பே இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ எனச் சிதறியிருந்தனர். புலம்பெயர் தமிழரின் தொண்ணூறுகளின் சிற்றிதழ்களில் சாதி, பெண், தொழிலாளர் பற்றிய விவாதங்கள் வலுவாக ஒலித்தமைக்கு அவர்கள் கொண்டுசென்ற அரசியல் கல்வியும் ஒரு காரணம். ‘தாயகம்’ உள்ளிட்ட இதழ்களின் பிரதிகள் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம முயற்சியால் இன்று எவரும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன.

பாலா தம்பு 2014 செப்டெம்பர் முதலாம் நாள், தமது 92ஆம் வயதில் இறந்தார். 1948இல் ஏற்ற பொதுச் செயலாளர் பதவியை 66 ஆண்டுகளின் பின், மரணத்தின்போதே அவர் விட்டார். புரட்சிகரப் பிரிவு அதற்கு நெடுங்காலம் முன்பே செயலற்றுப் போயிருந்தது. கொள்ளுப்பிட்டியிலுள்ள சங்கப் பணிமனை மறுநாளும் திறந்திருந்தது; அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு எழாதிருந்த ஒரு வினாவுக்கு, அடுத்த செயலாளர் யார் என்பதற்கு, உறுப்பினர் விடை தேட வேண்டியிருந்தது.